எல்லையில் கேட்கப்பட்ட சான்று: வாசகர் கேள்வி பதில்

கொரோனாக் காலத்தில் ஐரோப்பிய எல்லைகளைக் கடந்தவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த பரிசோதனைகளையும் நுழைவு விதிகளையும் பற்றிய கடிதங்கள் சில மாதங்களாகத் தொடர்ந்து வருகின்றன. அன்று பதற்றத்தில் கேட்க முடியாமற்போனதை இன்று நிதானமாகக் கேட்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: ஷெங்கன் நாடுகளுக்குள் கடவுச்சீட்டைக் காட்டாமலே போய்வரலாம் என்பதுதானே ஒப்பந்தம்? 2020 மார்ச்சில் ஒரே இரவில் தடுப்புகளை வைக்க அந்த நாடுகளுக்கு என்ன உரிமை இருந்தது? (ஸ்டுட்கார்ட் வாசகர்)

பதில்: லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரை ஒட்டி, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் 1985 ஜூன் 14 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியில் பின்னர் உருவான எல்லைச் சட்டத் தொகுப்பு, பொது ஒழுங்குக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புக்கோ கடுமையான அச்சுறுத்தல் எழுந்தால் ஓர் உறுப்பு நாடு தன் உள் எல்லைகளில் தற்காலிகமாகச் சோதனையை மீண்டும் கொண்டுவரலாம் என்று இடமளிக்கிறது. கொள்ளைநோய் என்ற காரணம் அந்தப் பிரிவில் அன்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. நோய்ப் பரவலையும் அத்தகைய அச்சுறுத்தலாகவே கொள்ளலாம் என்று நாடுகள் பொருள்கொண்டன. அந்த அடிப்படையில்தான் ஜெர்மனி 2020 மார்ச் 16 அன்று ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், லக்சம்பர்க், டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளுடனான எல்லைகளில் சோதனையைத் தொடங்கியது. பெரும் பொதுச் சுகாதார நெருக்கடியும் ஒரு காரணமாகலாம் என்பது 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு மறக்கமுடியாத சான்று உண்டு. கான்ஸ்டன்ஸ் நகரமும் அதை ஒட்டிய சுவிஸ் நகரமான குரோய்ட்ஸ்லிங்கனும் ஒரே ஊரைப் போலக் கிடப்பவை. அந்த மார்ச்சில் இரண்டுக்கும் நடுவே வேலி எழுந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று வேலிக் கம்பிகளின் ஊடே கைகளைப் பற்றிக்கொண்ட இணையர்களையும் பெற்றோர்களையும் விலக்கி வைப்பதற்காக, சிறிது இடைவெளி விட்டு இரண்டாவது வேலியும் போடப்பட்டது. மே மாத நடுவில் அவை அகற்றப்பட்டன. நோய்த்தடுப்புக்காக மக்களின் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் நோய் பரவியிருந்தபோது, அந்த இரண்டாவது வேலி எந்தத் தொற்றைத் தடுத்தது என்பதற்கு ஏற்கத்தக்க விடை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுகாதாரம் பெரும்பாலும் உறுப்பு நாடுகளின் பொறுப்பு. எனவே எல்லைகளைப் பற்றி ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் அந்நாட்களில் வெளியிட்டவற்றுள் பெரும்பாலானவை பரிந்துரைகளே தவிர, கட்டாயச் சட்டங்கள் அல்ல. கீழே வரும் கேள்விகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 2020 ஆகஸ்டில் நானும் என் தம்பியும் சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் பாரிசுக்குப் புறப்பட்டோம். இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள். பிரான்சில் வதியும் அவன் போனான். செல்லுபடியாகும் சுற்றுலா விசா கையிலிருந்தும் நான் திருப்பி அனுப்பப்பட்டேன். இது என்ன நீதி? (சென்னை வாசகர்)

பதில்: கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பதை வைத்து அந்த விதி அமையவில்லை. பயணி எங்கே வதிகிறார், எதற்காக வருகிறார் என்ற இரண்டையும்தான் அது கேட்டது. 2020 மார்ச் 17 அன்று ஒன்றியத் தலைவர்கள், வெளியிலிருந்து வரும் அத்தியாவசியமற்ற பயணங்களை 30 நாட்களுக்கு நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்; அது பிறகு நீட்டிக்கப்பட்டது. ஜூன் 30 அன்று, தொற்று நிலைமை ஒன்றியத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்த 14 நாடுகளின் பட்டியல் வந்தது. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், தென்கொரியா, ருவாண்டா, தாய்லாந்து, உருகுவே போன்றவை அதில் இருந்தன. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டில் வதிபவர் சுற்றுலாவுக்கு வர முடியாது. ஆனால் ஒன்றியத்தில் நீண்டகால வதிவிட உரிமை பெற்றவரும் அவருடைய குடும்பத்தினரும் தம் வீட்டுக்குத் திரும்பத் தடை இல்லை. மருத்துவப் பணியாளர், சரக்கு வாகன ஓட்டுநர், பருவகால வேளாண் தொழிலாளர், மாணவர், தவிர்க்க முடியாத குடும்பக் காரணம் உடையவர் ஆகியோருக்கும் விலக்கு இருந்தது.

உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது விதிப்படி சரியே. ஆயினும் விதி வேறு, அது உரியவருக்குச் சொல்லப்பட்ட முறை வேறு. செல்லுபடியாகும் விசாவைக் கையில் வைத்திருப்பவரிடம், அந்த விசா இப்போது உள்ளே வர உதவாது என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். "தவிர்க்க முடியாத குடும்பக் காரணம்" என்ற தொடரையும் எல்லா நாடுகளும் ஒன்றுபோலப் பொருள்கொள்ளவில்லை. தந்தையின் இறுதிச்சடங்கு அதில் அடங்கும் என்று எவரும் ஒப்புவர். மணமாகாத துணையைப் பார்க்கப் போவதும் தாய் பிள்ளையின் பேறுகாலத்துக்கு உதவப் போவதும் அடங்குமா என்பதில் நாட்டுக்கு நாடு விடை மாறியது. நம் வீடுகளில் பேறுகாலத்துக்குத் தாய் போவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஒரு படிவத்தின் சிறிய கட்டத்துக்குள் எழுதிக் காட்ட முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதை அந்நாட்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் எனக்குக் காட்டின.

கேள்வி: பரிசோதனைச் சான்று 72 மணி நேரம் செல்லும் என்றார்கள், 48 என்றார்கள், பிறகு 24 என்றார்கள். இந்தக் கணக்கு எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை? (லண்டன் வாசகி)

பதில்: தொடக்கம் எல்லா இடத்திலும் ஒன்றே: மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுக்கப்பட்ட நேரம். முடிவு அறிக்கை அச்சான நேரம் கணக்கில் வராது. பலர் தவறியது இங்கேதான். திங்கள் காலை மாதிரி கொடுத்து, செவ்வாய் மாலை அறிக்கை பெற்று, அதிலிருந்து மூன்று நாள் இருக்கிறது என்று நம்பியவருக்கு உண்மையில் வியாழன் காலையோடு காலம் முடிந்துவிடும்.

கணக்கு எங்கே முடிகிறது என்பதில்தான் நாடுகள் வேறுபட்டன. பிரான்ஸ் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. 2021 ஜனவரியில் ஜெர்மனி, தொற்று மிகுந்த நாடுகளிலிருந்து வருபவர்களிடம் கேட்ட 48 மணி நேரத்தை, தன் நாட்டுக்குள் நுழையும் நேரத்திலிருந்து எண்ணியது. நீண்ட பயணத்தில், இடையில் ஒரு விமானம் தாமதித்தால், புறப்படும்போது செல்லுபடியான சான்று இறங்கும்போது காலாவதியாகிவிடும். உங்கள் இங்கிலாந்து 2021 ஜனவரி 18 முதல் கேட்ட சான்றோ மணிக்கணக்கில் அன்றி நாட்கணக்கில் அமைந்தது: புறப்படும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்துடன், தொற்றுள்ளவரைக் கண்டறியும் பரிசோதனையின் உணர்திறன் குறைந்தது 80 சதவீதமாகவும் தொற்றில்லாதவரைப் பிழையின்றி விலக்கும் திறன் குறைந்தது 97 சதவீதமாகவும் இருக்க வேண்டும் என்றும், அறிக்கை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்றில் ஒரு மொழியில் இருக்க வேண்டும் என்றும் அது கேட்டது.

பி.சி.ஆருக்கு நீண்ட காலமும் ஆன்டிஜெனுக்குக் குறுகிய காலமும் ஏன் என்றால், பி.சி.ஆர். வைரஸின் மரபுப் பொருளைப் பலமுறை பெருக்கிப் பார்ப்பதால் தொற்று மிகக் குறைவாக இருக்கும் தொடக்க நாட்களிலேயே கண்டுவிடும். ஆன்டிஜென் பரிசோதனை வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடுவது. வைரஸ் நன்கு பெருகிய பிறகே அதன் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் 2022 பிப்ரவரி முதல் ஒன்றியத்தின் பரிந்துரை பி.சி.ஆருக்கு 72 மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஆன்டிஜெனை 24 மணி நேரமாகக் குறைத்தது. எதுவானாலும், மாதிரி எடுத்த கணத்தின் நிலையையே அது சொல்லும். மறுநாள் ரயில் நிலையத்தில் தொற்றிக்கொண்டவரை அந்தத் தாள் காட்டிக்கொடுக்காது. இன்னொரு பக்கம், குணமாகிப் பல வாரம் ஆனவருக்கும் பி.சி.ஆர். "தொற்று உண்டு" என்று காட்டக்கூடும். அப்படிப்பட்டவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் குணமடைந்தோர் சான்றிதழ் தனியாக உருவாக்கப்பட்டதற்கு ஒரு காரணம். தொற்றைக் காட்டிய முதல் பரிசோதனைக்குப் பின் 11ஆம் நாளிலிருந்து 180ஆம் நாள் வரை அது செல்லுபடியானது.

கேள்வி: ஒரே நாடு ஒரு கொரோனாத் தொற்று வரைபடத்தில் ஆரஞ்சு, இன்னொன்றில் சிவப்பு என்று இருந்ததே, எது உண்மை? (பிராங்பர்ட் வாசகர்)

பதில்: இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். ஸ்டாக்ஹோம் அருகே சோல்னாவில் உள்ள ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையம் வியாழக்கிழமைதோறும் வெளியிட்ட வரைபடம், 2020 அக்டோபர் 13 அன்று ஏற்கப்பட்ட பரிந்துரையின்படி அமைந்தது. இலட்சம் பேருக்கு 14 நாட்களில் எத்தனை புதிய தொற்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் எத்தனை சதவீதத்தினருக்குத் தொற்று என்ற இரண்டு எண்களை அது பார்த்தது. முதல் எண் 25க்கும், இரண்டாவது 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பச்சை. முதல் எண் 150ஐத் தாண்டினால் மற்றது எப்படியிருந்தாலும் சிவப்பு. 2021இன் தொடக்கத்தில் 500ஐத் தொட்ட பகுதிகளுக்குக் கருஞ்சிவப்பு சேர்க்கப்பட்டது. போதிய பரிசோதனை செய்யாத பகுதி சாம்பல் நிறம் பெற்றது. பரிசோதிக்காமலே எண்ணைக் குறைத்துக் காட்டுவதை அது தடுத்தது என்பதால், அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

இந்த நிறங்கள் நோயின் அளவைச் சொன்னவை. பயணி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தனியாகத் தீர்மானித்தது. ஜெர்மனி நிறங்களை விட்டுவிட்டு, இடர்ப் பகுதி, தொற்று மிகுந்த பகுதி, உருமாறிய வைரஸ் பகுதி என்று மூன்று படிகளை வைத்தது; மூன்றாவதில் விழுந்த நாட்டிலிருந்து வருபவருக்கு 14 நாள் தனிமை, இடையில் பரிசோதித்து வெளியே வரவும் வழியில்லை. 2021 ஏப்ரல் 26 அன்று இந்தியா அந்தப் படியில் வைக்கப்பட்டு, ஜூலை 7 அன்று இரண்டாவது படிக்கு இறங்கியது. இங்கிலாந்தின் சிவப்போ முற்றிலும் வேறு பொருள் கொண்டது: சொந்தச் செலவில் 1,750 பவுண்ட் கட்டி, அரசு ஒதுக்கிய விடுதியில் பத்து நாள் இருக்க வேண்டும். இந்தியா 2021 ஏப்ரல் 23 அன்றும் இலங்கை ஜூன் 8 அன்றும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஒரே நிறத்தின் பெயரை இருவர் இரு பொருளில் ஆண்டதால் நேர்ந்த குழப்பத்துக்குப் பயணிகளைக் குறைசொல்ல முடியாது.

கேள்வி: நான் கோவிஷீல்டும் யாழ்ப்பாணத்தில் உள்ள என் அக்கா சீனத் தடுப்பூசியான சினோபார்மும் போட்டுக்கொண்டோம். ஐரோப்பாவில் போட்ட அஸ்ட்ராசெனெகாவும் கோவிஷீல்டும் ஒரே மருந்து என்கிறார்களே, பிறகு ஏன் தயங்கினார்கள்? (திருச்சி வாசகி)

பதில்: தடுப்பூசி உயிரியல் முறையில் உருவாவது என்பதால், செய்முறையோடு அது எந்தத் தொழிற்சாலையில் உருவாகிறது என்பதும் அனுமதியின் ஒரு பகுதி. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஜனவரி 29 அன்று அனுமதிக்கப் பரிந்துரைத்தது, பின்னர் வாக்ஸெவ்ரியா என்று பெயர் பெற்ற, குறிப்பிட்ட தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்ட அஸ்ட்ராசெனெகா மருந்தை. புனேயில் சீரம் நிறுவனம் ஆக்கிய கோவிஷீல்டுக்கு அந்த அனுமதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டு அனுமதி இருந்தது.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழ்ச் சட்டம், தடுப்பூசி போட்டவர்களுக்குச் சலுகை தரும் நாடு எதுவானாலும், முகமை ஏற்ற தடுப்பூசிகளை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் மட்டும் ஏற்றவற்றை விரும்பினால் ஒப்புக்கொள்ளலாம் என்றது. இந்த "விரும்பினால்" என்ற சொல்லால்தான் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்பெயின், கிரேக்கம் போன்றவை அந்த ஜூலையிலேயே கோவிஷீல்டை ஏற்க, வேறு சில நாடுகள் காத்திருந்தன. ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாத சுவிட்சர்லாந்து, கோவிஷீல்டையும் சினோபார்மையும் நுழைவுக்கு ஏற்றது. உங்கள் அக்கா சுவிஸ் வந்திருந்தால் சிக்கலின்றி வந்திருக்கலாம், அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போக எண்ணியிருந்தால் மீண்டும் அந்த நாட்டின் விதியைப் பார்த்திருக்க வேண்டும். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதி 2021 நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை அதைப் போட்டுக்கொண்டவர்கள் பல நாடுகளின் கண்ணில் தடுப்பூசியே போடாதவர்களாக இருந்தார்கள்.

மருந்து ஏற்கப்பட்ட பின்னும் சான்றிதழில் சிக்கல் வந்தது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை ஏற்றபோதும் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. இந்தியா பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு அதே கட்டுப்பாட்டை விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் தளர்த்தியது. இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழில் அதுவரை வயது மட்டுமே அச்சாகி, முழுப் பிறந்த தேதி இல்லாததும் ஒரு குறையாக இருந்து பின்னர் திருத்தப்பட்டது. நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய இடர் பெயரில் இருந்தது. ஆதாரில் தலைப்பெழுத்தோடு உள்ள பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து, சில வேளை முன்பின் மாறி நிற்கும். கோவின் தளத்தில் கடவுச்சீட்டு எண்ணை இணைக்கும் வசதி 2021 ஜூனில் வந்தது. அதைச் செய்துகொண்டவர்களுக்கு இந்த இடர் பெருமளவு குறைந்தது.

கேள்வி: எல்லையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? (மெட்ஸ் வாசகர்)

பதில்: உங்கள் மோசல் மாவட்டத்திலேயே அதன் கடுமையை மக்கள் அனுபவித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் முதலில் கண்டறியப்பட்ட உருமாறிய வைரஸ் அங்கே பரவியதால், ஜெர்மனி 2021 மார்ச் 2 முதல் மோசலை உருமாறிய வைரஸ் பகுதியாக அறிவித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள ஜெர்மன் மாநிலமான ஸார்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர் 48 மணி நேரத்துக்கு உட்பட்ட பரிசோதனைச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை மூக்கில் குச்சி. ஆயினும் இங்கே முதல் அலையின் பாடம் ஓரளவு கற்கப்பட்டிருந்தது: எல்லையில் வாகனங்களை நிறுத்தி வரிசை கட்டவைக்காமல், உள்ளே ஆங்காங்கே சோதித்தார்கள், சார்ப்ரூக்கன் அருகே கோல்டெனெ பிரெம் எல்லையில் இரு நாடுகளும் சேர்ந்து பரிசோதனை நிலையம் அமைத்தன. விதியைப் போடுகிறவரே அதை நிறைவேற்றும் வசதியையும் அருகிலேயே அமைத்துத் தருவதுதான் முறை என்று நான் கருதுகிறேன்.

அதற்கு நேர்மாறானது 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் நடந்தது. இங்கிலாந்தில் புதிய உருமாற்றம் பரவுகிறது என்ற செய்தி வந்ததும், டிசம்பர் 20 நள்ளிரவோடு பிரான்ஸ் 48 மணி நேரத்துக்கு எல்லையை மூடியது. அதுவரை விலக்கு பெற்றிருந்த சரக்கு வாகனங்களும் இம்முறை நின்றன. 23ஆம் தேதி, 72 மணி நேரத்துக்கு உட்பட்ட பரிசோதனை இருந்தால் போகலாம் என்று திறந்தபோது, ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் கென்ட் மாவட்டச் சாலைகளிலும் மான்ஸ்டன் பழைய விமானத் தளத்திலும் காத்துக்கிடந்தார்கள். படைவீரர்கள் வண்டி வண்டியாகச் சென்று பரிசோதித்தார்கள். பலருக்குக் கிறிஸ்துமஸ் வண்டிக்குள்ளேயே கழிந்தது. கிரேவ்சென்ட் குருத்வாராவில் சமைத்த கொண்டைக்கடலைக் குழம்பைச் சீக்கியத் தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுத்த செய்தியை அன்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்வி: பரிசோதனைச் சான்றில் குறை என்று விமான நிறுவனம் என்னை ஏற்ற மறுத்தது. இழப்பீடு கேட்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: பெரும்பாலும் முடியாது. ஒன்றியத்தின் 261/2004 விதி, உறுதியான முன்பதிவு இருந்தும் ஏற்ற மறுத்தால் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு தருகிறது. ஆனால் உடல்நலம், பாதுகாப்பு, போதாத பயண ஆவணம் ஆகிய நியாயமான காரணங்களால் மறுத்ததை அது இழப்பீட்டுக்குரிய மறுப்பாகக் கருதுவதில்லை. உங்கள் ஆவணம் உண்மையில் சரியாக இருந்து, முகப்பு ஊழியர் விதியைத் தவறாகப் படித்து மறுத்திருந்தால் வழக்கு வேறு. அப்போது அன்று நடைமுறையில் இருந்த விதியின் நகலும் மறுப்புக்கான எழுத்துச் சான்றும் தேவை. விமானமே ரத்தாகியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை கொள்ளைநோய்க் காலத்திலும் நிறுத்தப்படவில்லை. பயணி ஒப்பினால் மட்டுமே பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம்.

கேள்வி: அடுத்த கோடையில் மகனைப் பார்க்க பாசலுக்குப் போகிறேன். பழைய தடுப்பூசிச் சான்றிதழை எடுத்துப்போக வேண்டுமா? (மதுரை வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழ்ச் சட்டம் 2023 ஜூன் 30 அன்றோடு முடிந்துவிட்டது. சுவிட்சர்லாந்தும் கொரோனாவுக்காக எதையும் கேட்பதில்லை. ஷெங்கன் விசாவுக்கு வழக்கமாகக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு மட்டும் முன்பும் உண்டு, இப்போதும் உண்டு. அதன் நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாசல் விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருப்பது. இறங்கியதும் வெளியே வர இரண்டு வழிகள் இருக்கும். மகன் எந்தப் பக்கத்தில் காத்திருப்பார் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொண்டு, சுவிஸ் என்று எழுதிய வழியா பிரான்ஸ் என்று எழுதிய வழியா என்று பார்த்து வெளியே வாருங்கள்.